ஐந்நூறு கிராம் தைரியம்

டல்லாஸில் இருக்கும் என் கல்லூரி நண்பன் ஒருவன் போன வருஷம் மனைவியின் பிறந்தநாளுக்குக் கைத்துப்பாக்கி வாங்கிக்கொடுத்தான். எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டான். கறுப்பாக, குட்டியாக, பார்க்க பார்கோடு ஸ்கேனர் மாதிரி இருந்தது. "அவளுக்குக் கை சின்னதுடா. பெரிய பிஸ்டல்னா ஸ்லைடு இழுக்க வராது. அதான் லைட்வெயிட்டா, ஈஸியா இழுக்கிற மாதிரி பாத்து எடுத்தேன்" என்று கீழே குறிப்பு. இதயக் குறிகள் குவிந்தன. குரோம்பேட்டையில் இருக்கும் இன்னொருத்தன் கேட்டான்: "மச்சி, நம்ம ஊர்ல என் வைஃப்புக்கு வாங்கணும்னா எது நல்லது?"

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் பதினோரு ஆண்கள் தங்கள் மனைவிகளின் கை அளவைப் பற்றிப் பேசினோம். அந்தக் குழுவில் ஒரு பெண்கூடக் கிடையாது. துப்பாக்கி பிடித்துப் பழகியவன் டல்லாஸ்காரன் ஒருவன்தான். மற்றவர்களுக்கு யூடியூப் இருந்தது.

இதையெல்லாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவன் மாதிரி எழுதினால் அது பொய். எக்செல் ஷீட் போட்டவனே நான்தான்.

என் காரணம் இது. தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரியைத் தூர்த்து நகர் ஆக்கிய இடங்களில் ஒன்றில் குடியிருக்கிறோம். என் மனைவிக்கு ஓ.எம்.ஆரில் வேலை. இரவு ஒன்பதே முக்காலுக்கு மெயின் ரோட்டில் இறங்கினால் வீட்டுக்கு அறுநூறு மீட்டர் நடை. அதில் பாதி தூரம் காலி மனைகள், அடுத்து ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவர். ஒரு பைக் விளக்கை அணைத்துக்கொண்டு மூன்று நாள் அவள் பின்னாலேயே மெதுவாக வந்திருக்கிறது. மூன்றாம் நாள்தான் எனக்குச் சொன்னாள். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: "சொன்னா என்ன பண்ணுவ? வேலைய விடுன்னுவ. இல்ல, தினமும் வண்டிய எடுத்துட்டு வந்து நிப்ப. எனக்கு ரெண்டும் வேணாம்."

இந்தப் பதில்தான் என்னைக் குடைந்தது. பைக்காரனைவிட அதிகமாக. இரண்டையும் செய்யக்கூடாது என்றால் என் பயத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? எக்செல்லில் வைத்தேன். எடை, நீளம், குதிரை எட்டும் தூரம், விலை, லைசன்ஸ் நடைமுறை என்று காலம் போட்டேன். கூகுள் செய்த பத்தாவது நிமிஷத்தில் 'நிர்பீக்' வந்து நின்றது.

அதன் கதை கொஞ்சம் சொல்லவேண்டும், நம் தலைமுறைக்கே மறந்துபோய்விட்டது. 2012 டிசம்பர் 16 டெல்லி பேருந்துச் சம்பவம். ஒரு வாரத்தில் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் குழு அமைத்தார்கள். 29 நாளில், 2013 ஜனவரி 23 அன்று, அறுநூறு பக்கத்துக்கு மேல் அறிக்கை வந்தது. சட்டத் திருத்தங்கள் இருக்கட்டும், அதில் தெருவிளக்கு பற்றிக்கூட இருந்தது. இருட்டுத் திட்டுகள் இல்லாமல் ஊருக்கு வெளிச்சம் போடுங்கள் என்று ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருந்தார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2014 ஜனவரியில், மத்திய அரசின் பாதுகாப்புத் துறைக்குக் கீழ் இருந்த கான்பூர் ஃபீல்ட் கன் ஃபேக்டரி ஒரு ரிவால்வரை வெளியிட்டது. .32 காலிபர், ஆறு குண்டு, டைட்டானியம் கலவை, எடை 500 கிராம். பெண்களுக்கானது, கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். விலை 1,22,360 ரூபாய். நிர்பயா என்று டெல்லிப் பெண்ணுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயரும் நிர்பீக் என்ற இந்தப் பெயரும் ஒரே பொருள்தான், பயமற்ற. செத்துப்போனவளின் பெயரை ஆணாக்கி ஒரு சரக்குக்கு ஒட்டினார்கள். இதைவிட எனக்கு உறுத்தியது பெட்டி. அரக்கு நிறத்தில் நகைப்பெட்டி மாதிரி ஒன்றில் வைத்து விற்றார்கள். பெண்களுக்கு நகை பிடிக்குமாம்.

ஒரு அரசு நிறுவனம் இதைச் செய்தது என்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். தனியார் கம்பெனி செய்தால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1989-இலேயே 'லேடிஸ்மித்' என்று பெண்களுக்கு என்றே விற்க ஆரம்பித்தது, அவர்கள் தொழில் அது. ஆனால் போலீஸ், நீதிமன்றம், பேருந்து, விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கும் அரசின் ஒரு கை, "இந்தாம்மா, நீயே பார்த்துக்கோ, ஒண்ணே கால் லட்சம்" என்கிறது. இதற்குப் பிறகு மேற்கு வங்காளத்தின் ஈஷாப்பூர் ஆலையிலிருந்து 250 கிராமில் 'நிடர்' என்று .22 ரிவால்வர் ஒன்று வந்தது. அதற்கும் பொருள் பயமற்றதுதான், பெயர் வைக்கிறவர்களுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்தே 'பிரபல்' வந்தது, 700 கிராம். அதையும் பெண்கள் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்லி விற்றார்கள். இந்தப் பத்து வருஷத்தில் பெண்ணின் கைப்பைக்குள் எதைப் போடுவது என்பதில் காட்டிய அக்கறையில் பாதியை அவள் நடக்கிற ரோட்டில் காட்டியிருக்கலாம்.

சரி, கை விஷயத்துக்கு வருவோம். நான் எஞ்சினியர், எடை குறைந்தால் நல்லது என்ற வாக்கியத்தைப் பார்த்தால் எனக்கு அரிக்கும்.

துப்பாக்கியில் எடை என்பது வெறும் சுமை கிடையாது. குண்டு முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிளஸ் ஒன் இயற்பியல், உந்த அழிவின்மை. அதே தோட்டாவை 750 கிராம் ரிவால்வரிலும் 500 கிராம் ரிவால்வரிலும் போட்டுச் சுட்டால், கையில் வந்து மோதும் ஆற்றல் லேசானதில் ஒன்றரை மடங்கு. கை சின்னது, அதனால் லேசான துப்பாக்கி என்பது, கால் வலிக்கிறது, அதனால் மெலிசான செருப்பு என்பது மாதிரி. .32 தோட்டா சாதுவானது, பெரிதாக உதைக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். உண்மையான சிக்கல் குதிரையில் இருக்கிறது. இப்படிப்பட்ட ரிவால்வரில் சுத்தியலை முதலில் பின்னால் இழுத்து வைக்காமல் நேராகக் குதிரையை அழுத்தினால், அந்த ஒரு விரல் இழுப்புதான் சுத்தியலையும் தூக்கவேண்டும், உருளையையும் சுற்றவேண்டும். பல ரிவால்வர்களில் ஐந்து கிலோ அளவுக்கு விசை கேட்கும். அரைக்கிலோ பொருளைக் காற்றில் நிறுத்திவைத்துக்கொண்டு அதிலேயே ஒற்றை விரலால் ஐந்து கிலோ இழுக்கவேண்டும், குழல் ஆடாமல். ரேஷன் கடையில் அஞ்சு கிலோ அரிசிப் பையை ஆள்காட்டி விரலால் தூக்கிப் பாருங்கள், புரியும்.

கை அளவு நிஜமாகவே முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலிருந்து குதிரை வரைக்குமான தூரம். விரல் எட்டவில்லை என்றால் ஆள் தன்னையறியாமல் பிடியைத் திருப்பிக்கொள்வார், குழல் முன்கையின் கோட்டிலிருந்து விலகிவிடும், உதை கட்டைவிரல் மூட்டில் இறங்கும். இதற்குத் தீர்வு இருக்கிறது: பிடியின் தகடை மாற்றலாம், வேறு வடிவம் பார்க்கலாம், எல்லாவற்றுக்கும் மேல் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகலாம். சின்னக் கைகள் கொண்ட பெண்கள் உலகம் முழுக்கப் பதக்கம் வாங்குகிறார்கள். கை ஒரு பிரச்சினையே கிடையாது. பழக்கம்தான் பிரச்சினை. பழகவேண்டியது யார்? என் மனைவி. அதற்கு நேரம் ஒதுக்கவேண்டியது? அவள். தோட்டாவுக்கு லைசன்ஸில் எழுதியிருக்கும் எண்ணிக்கைதான் வாங்கமுடியும், அதையும் அவள்தான் எண்ணவேண்டும். எக்செல்லில் நான் இதற்கு ஒரு காலம்கூட வைத்திருக்கவில்லை.

இன்னொன்று. டல்லாஸ் நண்பன் கடைக்குப் போய் இருபது மாடல் பிடித்துப் பார்த்து எடுத்திருப்பான். இங்கே சாதாரணக் குடிமகன் வெளிநாட்டுத் துப்பாக்கி புதிதாக இறக்குமதி செய்வது எண்பதுகளின் நடுவிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. 9 எம்.எம்., .38 எல்லாம் தடைசெய்யப்பட்ட வகை. மிச்சம் இருப்பது சில உள்நாட்டு மாடல்கள்தான். எந்தத் துப்பாக்கி என் மனைவிக்குப் பொருந்தும் என்று நாங்கள் பதினோரு பேர் நடத்திய விவாதம், அமெரிக்க மெனு கார்டை வைத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டில் ஆர்டர் செய்த மாதிரி.

*

சரி, வாங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில், 'மனைவிக்கு வாங்கிக்கொடுப்பது' என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. 1959 ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் அவள் பெயரில், அவள் கையெழுத்தில், அவள் விண்ணப்பத்தில் இருக்கவேண்டும். 2022 ஜனவரி 1 முதல் எங்கள் பக்கத்துக்குத் தனியாகத் தாம்பரம் போலீஸ் கமிஷனரேட் இருக்கிறது, அங்கே. உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதைக் காட்டவேண்டும். உள்ளூர் நிலையத்திலிருந்து விசாரணை நடக்கும். 2016 விதிகள் பயிற்சிச் சான்றிதழும் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கும் ஏற்பாடும் கேட்கின்றன. இந்த விதிகள் கடுமையாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் முரணைக் கவனியுங்கள். அச்சுறுத்தலை நிரூபிக்க அவளிடம் முதலில் ஒரு புகார் இருக்கவேண்டும். பைக்காரன் மேல் புகார் எடுத்து, நம்பர் பிளேட்டைத் தேடிப் பிடிக்கிற போலீஸ் இருந்தால் அவளுக்குத் துப்பாக்கி எதற்கு? இல்லையென்றால் அவள் அச்சுறுத்தலை எதை வைத்து நிரூபிப்பாள்?

அடுத்து, லைசன்ஸும் வந்துவிட்டது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். ஷேர் ஆட்டோவில் ஐந்து பேர் தோளோடு தோள். கைப்பை மடியில், பைக்குள் ஆறு குண்டு போட்ட ரிவால்வர், பக்கத்து அம்மாவின் முழங்கை அதன்மேல். அலுவலக வாசலில் எக்ஸ்ரே மெஷின், உலோகம் கண்டுபிடிக்கும் சட்டம், செக்யூரிட்டி அண்ணன். பென் டிரைவையே உள்ளே விடாத கட்டடம் அது. துப்பாக்கியை எங்கே வைப்பாள்? டிபன் பாக்ஸோடு ரிசப்ஷனில் டோக்கன் போட்டா? மெட்ரோவில் ஏறமுடியாது. மாலில், தியேட்டரில், கோயிலில் வாசலிலேயே நிறுத்துவார்கள். ஆக, எந்த அறுநூறு மீட்டருக்காக வாங்கினோமோ அந்த அறுநூறு மீட்டரில் அது கையில் இருக்க வழியே இல்லை. வீட்டு பீரோவில் இருக்கும்.

தேர்தல் வந்தால் அங்கேயும் இருக்காது. 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16, முடிவு ஜூன் 4. லைசன்ஸ் துப்பாக்கிகளை ஒப்படையுங்கள் என்று அறிவிப்பு வரும், விதிவிலக்கு கேட்டு வாங்காவிட்டால் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளவேண்டியதுதான். எண்பது நாள் பைக்காரன் பொறுத்துக்கொள்வானா? ரசீதைக் காட்டிப் பயமுறுத்தலாம் போல.

நக்கலை நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் எங்கள் ரயில் பாதையில் நடந்தவை நக்கலுக்கானவை அல்ல. 2016 ஜூன் 24, காலை ஏழு மணி ஆகவில்லை, நுங்கம்பாக்கம் ஸ்டேஷன். மஹிந்திரா சிட்டிக்கு வேலைக்குப் போகக் காத்திருந்த பெண் பிளாட்பாரத்தில் வெட்டிக் கொல்லப்பட்டாள். நம்மைப் போல ஐ.டி.காரி. 2021 செப்டம்பர் 23, தாம்பரம் ஸ்டேஷன் அருகே ஒரு கல்லூரி மாணவி கத்திக்குத்தில் செத்தாள். 2022 அக்டோபர் 13, பரங்கிமலை ஸ்டேஷனில் ஒரு மாணவியை ஓடிவரும் ரயில் முன்னால் தள்ளினான் ஒருவன். பீச்சிலிருந்து தாம்பரம் போகும் ஒரே தடம், மூன்று பெண்கள். அந்தப் பாதையில் தினமும் போகிற என் மனைவிக்கு ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு செய்தியாகத்தான் தெரியும். "மவுண்ட்ல வண்டி நின்னா நான் தூண் பக்கமாத்தான் நிப்பேன்" என்று ஒருதரம் சொன்னாள், கீரை விலை சொல்கிற குரலில்.

இந்த மூன்றிலும் கைப்பைக்குள் நிர்பீக் இருந்திருந்தால்? அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் ட்யூலர் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்று துப்பாக்கிப் பயிற்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கத்தியோடு ஓடிவரும் ஆள் 21 அடியை ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான், பயிற்சி பெற்ற போலீஸ்காரர் இடுப்பு உறையிலிருந்து எடுத்துச் சுடவே கிட்டத்தட்ட அந்த நேரம் ஆகும் என்பது அதன் சாரம். உறையில் இருந்தால்தான் அந்தக் கணக்கு. பிளாட்பாரத்தில் பின்னாலிருந்து வருகிறவனுக்கு 21 அடி தேவையில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து, சார்ஜர், லிப் பாம், வீட்டுச் சாவி எல்லாவற்றுக்கும் நடுவில் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். நான் பார்த்தேன். என் மனைவியிடம் பேனா கேட்டேன். பதினான்கு வினாடி. அவசரம் என்று சொல்லித்தான் கேட்டேன்.

ஒரு சம்பவத்தில் மட்டும் நான் தடுமாறுகிறேன். நிர்பீக் வெளியான அடுத்த மாதமே, 2014 பிப்ரவரியில், சிறுசேரி சிப்காட்டில் இரவு வேலை முடித்து வெளியே வந்த ஐ.டி. பெண் காணாமல் போனாள். ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து அந்த வளாகத்தின் புதரிலிருந்து உடலை எடுத்தார்கள். அவர்கள் அவளுக்கு முன்பின் தெரியாதவர்கள். இருட்டு. தனிமை. துப்பாக்கி ஆதரவாளர்கள் சொல்லும் எல்லா நிபந்தனைகளும் பொருந்துகிற ஒரு இரவு. அங்கே உதவியிருக்குமா? ஒருவேளை உதவியிருக்கும். அதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவள் வெளியே வந்ததும் வெடிப்பொருள் சோதனை நடக்கும் ஒரு அலுவலகத்திலிருந்து. வாசலில் அவள் பையைத் துழாவ ஆள் இருந்தது, வாசலுக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்க்க ஆள் இல்லை.

*

இப்போது, எங்கள் குழுவில் யாரும் பேசாத விஷயம்.

பதினோரு கணவர்கள் மனைவியைக் காப்பாற்றப் பேசிக்கொண்டிருந்தோம். யாரிடமிருந்து? எல்லோர் மனதிலும் ஒரே முகம்: தெரியாதவன், இருட்டு, பைக். தேசியக் குற்ற ஆவணங்கள் வருஷா வருஷம் சொல்வது, பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை ஒருமுறையாவது அனுபவித்தவர்கள். தேசிய சராசரி 29.3. பெரியார் மண், படித்த மாநிலம், எல்லாம் சரி. பதினோரு பேரில் 38 சதவீதம் என்றால் நாலு பேர். சராசரியை இப்படி ஒரு சின்னக் கூட்டத்தின் மேல் இறக்கக்கூடாது என்று எனக்கும் தெரியும், புள்ளியியல் படித்திருக்கிறேன். இருந்தாலும் அன்றிரவு அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தேன். யார் யார் என்று யோசித்தேன். பிறகு, என் மனைவியின் தோழி யாராவது அவள் கணவனின் குழுவில் என் பெயரைப் பார்த்து இப்படி யோசிப்பாளோ என்றும்.

வீட்டுக்குள் துப்பாக்கி வந்தால் அது 'அவளுடையது' என்று எவ்வளவு நாள் இருக்கும்? பீரோ சாவி யாரிடம்? கலிஃபோர்னியாவில் லட்சக்கணக்கானவர்களைப் பல வருஷம் தொடர்ந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட முடிவு: கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழும், தன்னிடம் துப்பாக்கி இல்லாத ஆள், துணையால் சுட்டுக்கொல்லப்படும் வாய்ப்பு, துப்பாக்கி இல்லாத வீட்டில் இருப்பவரைவிட ஏழு மடங்கு. அப்படிச் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2003-இல் ஜாக்குலின் கேம்ப்பெல் குழு செய்த ஆய்வு வேறு விதமாக அதையே சொன்னது: அடிக்கிற கணவனின் கைக்கு எட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தால் மனைவி கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்கு. டல்லாஸ் நண்பன் இதயக் குறிகள் வாங்கிய அந்தப் படத்தை இந்த எண்களோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அவன் நல்லவன். அடிக்கிறவன் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் 'நினைக்கிறேன்' என்பதைத் தாண்டி அங்கே யாராலும் எதுவும் சொல்லமுடியாது.

எதிர்வாதத்தில் வலுவானது ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் 1878-இல் சட்டம் போட்டு நம் ஆயுதங்களைப் பிடுங்கினான், சுதந்திர நாட்டிலும் அதே மனநிலையா என்பார்கள். அது வெறும் வீம்பு இல்லை. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஹெச்.வி. காமத் அதை அரசியல் சட்டத்திலேயே சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அடிப்படை உரிமை என்று எழுதிவிட்டால் வழக்கமாகக் குற்றம் செய்கிறவனும் அதே உரிமையைக் கேட்பானே என்பது அவர் வாதம். நான் அம்பேத்கர் பக்கம். இதற்குத் தத்துவம் வேண்டாம், எங்கள் செங்கல்பட்டு மாவட்டமே போதும். இந்தப் பக்கம் துப்பாக்கி வெடித்துச் செய்தியானபோது ஏதாவது பெண்ணைக் காப்பாற்றவா வெடித்தது? 2020 ஜூலையில் திருப்போரூர் அருகே செங்காட்டில் சுட்டது நிலத் தகராறில். ஒரு எம்.எல்.ஏ.வே கைதானார். சென்ட் விலை இருக்கிற இருப்பில், இந்தப் புறநகரில் ஆளுக்கொரு ரிவால்வர் கொடுத்தால் முதல் குண்டு எல்லைக்கல்லுக்காகத்தான் வெடிக்கும்.

"அப்ப பொம்பளைங்களால முடியாதுன்றியா?" என்று ஒரு தோழி கேட்டாள். முடியும். ஒருத்திக்குச் சுடக் கற்கவேண்டும் என்று ஆசையிருந்தால் ரைஃபிள் கிளப்பில் சேரட்டும், நான் கைதட்டுவேன். அவளாக லைசன்ஸ் கேட்டுப் போனால் அதுவும் அவள் பாடு. என் சண்டை அவளோடு இல்லை. கணவன் தேர்ந்தெடுத்து, கணவன் அளவெடுத்து, கணவன் பயத்துக்கு மருந்தாக மனைவியின் கைப்பையில் போடும் ஐந்நூறு கிராமோடுதான்.

இன்னொரு விதமான ஐந்நூறு கிராம்களும் உண்டு, யாரும் நகைப்பெட்டியில் வைத்து விற்பதில்லை. 2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்று ஆனது. அதன்பிறகு எங்கள் பக்கம் இரவுப் பேருந்தில் பெண்கள் கூட்டமாக ஏறுவதைப் பார்க்கிறேன். சானடோரியம் மெப்ஸில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள், பூக்காரம்மாக்கள், ட்யூஷன் பிள்ளைகள். பத்துப் பெண்கள் இருக்கும் பஸ்ஸில் பதினொன்றாவது பெண் பயமில்லாமல் ஏறுவாள். இதற்கு நேர் எதிராக, 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைத் திறந்தார்கள், பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாமலே. அப்போது தீபாவளி முடித்து நெல்லையிலிருந்து தனியாக வந்த பெண் விடிகாலை மூன்று மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று ஆட்டோ பேரம் பேசவேண்டியிருந்தது துப்பாக்கி இல்லாததாலா, ரயில் இல்லாததாலா?

என் மனைவி என்ன செய்தாள் என்று சொல்லவேண்டும். நான் காலிபர் படித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், அதே ரோட்டில் இறங்கும் வேறு மூன்று பெண்களை அவள் கண்டுபிடித்திருந்தாள். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி சூப்பர் மார்க்கெட் பில்லிங், இன்னொருத்தி கல்லூரி இறுதியாண்டு. நாலு பேரும் ஒருவருக்கொருவர் பத்து நிமிஷம் காத்திருந்து சேர்ந்து நடக்கிறார்கள். மண்டபத்தின் பின்சுவர் விளக்கு எரியாததைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு நாலு பேரும் தனித்தனியாக, தினமும், பதினோரு நாள் போன் செய்து சொன்னார்கள். நர்ஸ் அக்காதான் கடைசியில் நேரில் போய் உட்கார்ந்துவிட்டாராம். பைக் நம்பரைக் குறித்துக் காவல் நிலையத்திலும் கொடுத்தார்கள். பைக் வருவது நின்றது. விளக்காலா, நாலு பேராலா, புகாராலா, தெரியாது. திரும்ப வராது என்றும் யாரும் சொல்லவில்லை.

எக்செல் ஷீட்டை நான் அழிக்கவில்லை, லேப்டாப்பில் அப்படியே இருந்தது. வருமான வரிக்கு ஏதோ தேடும்போது திறந்துவிட்டாள். மேலிருந்து கீழாக முழுதாகப் படித்தாள். நிர்பீக், நிடர், பிரபல், கிராம், மில்லிமீட்டர், விலை. நான் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இது என் கையோட அளவா?"

"ஆமா."

"எப்ப எடுத்த?"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கையை ஸ்கேல் வைத்து அளந்திருந்தேன். எதற்கு என்று கேட்டதற்கு மோதிரம் செய்யப்போகிறேன், ஆச்சரியம், கேட்காதே என்று சொல்லியிருந்தேன். அது ஞாபகம் வந்து அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். கோபம் என்று சொல்லமுடியாது.

"அப்ப மோதிரம் இல்லயா?" என்றாள்.